மீட்டர் கூவியது, ஸ்டீயரிங் கனத்தது

பனிமய மாதா திருவிழா முடிகிற வாரத்தில் தூத்துக்குடி கடற்கரைச் சாலைப் பக்கம் காரை எடுத்துக்கொண்டு போகக் கூடாது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். எனக்கும் தெரியும். ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி. நடக்க முடியாது, மாதாவைப் பார்க்காமலும் இருக்க முடியாது என்று ஒரே பிடிவாதம். 2024 ஆகஸ்ட் முதல் வாரம், இரவு எட்டு மணி. வளையல் கடைக்கும் மிளகாய் பஜ்ஜிக் கடைக்கும் நடுவே கிடைத்த இடத்தில் வண்டியைத் திருப்புவதற்காக முன்னே, பின்னே, முன்னே, பின்னே என்று நான்கு தடவை ஒடித்தேன். ஐந்தாவது தடவை ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது.

அடியோடு இறுகிவிடவில்லை. திரும்பியது, ஆனால் மாவு கெட்டியாகிப்போன ஆட்டுக்கல் குழவியைச் சுற்றுவது போல இருந்தது. எதிரே மஞ்சள் விளக்கு: ஒரு ஸ்டீயரிங் படம், பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி. பின்னால் நின்ற ஆட்டோக்காரர் ஹாரனை அடித்து ஓய்ந்து, பிறகு வாயால் தொடர்ந்தார். இரண்டு கையாலும் தோளைக் கொடுத்துத் திருப்பி ஓரம் கட்டினேன். எஞ்சினை நிறுத்தி மறுபடி போட்டதும் விளக்கு அணைந்தது. ஸ்டீயரிங் ஒரு விரலுக்குத் திரும்பியது. பேய் பிடித்து இறங்கியது போல.

அடுத்த மூன்று வாரம் அதே கதை. நான் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறவள். எதையும் குறித்து வைக்கும் வியாதி எனக்கு உண்டு. எந்த நாள், எத்தனை மணி, வண்டி நின்றதா ஓடியதா, ஏசி போட்டிருந்ததா என்று பழைய மதிப்பெண் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். பதினோரு தடவை. பதினொன்றும் வண்டி நின்றபடியோ நடை வேகத்திலோ இருக்கும்போது, ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தபோது வந்தவை. இரவில் அதிகம். திருநெல்வேலிக்கு நான்குவழிச் சாலையில் இரண்டு தடவை போய் வந்தேன். ஒரு தடவைகூட வரவில்லை.

இந்தக் கடைசிக் குறிப்பிலேயே பாதி விடை இருந்தது. எனக்குத்தான் அப்போது வாசிக்கத் தெரியவில்லை.

என் வண்டியில் ஸ்டீயரிங்குக்கு எண்ணெய் பம்பு கிடையாது. 1951ல் கிரைஸ்லர் இம்பீரியல் காரில் விற்பனைக்கு வந்த பவர் ஸ்டீயரிங் எண்ணெய் அழுத்தத்தால் வேலை செய்தது. 1988ல் ஜப்பானில் சுசூகி செர்வோ என்ற குட்டிக் காரில் அந்த வேலை மின் மோட்டாரின் கைக்குப் போனது. இப்போது சின்ன கார்களில் பெரும்பாலும் அதுதான். ஸ்டீயரிங் தண்டின் நடுவில் முறுக்குக் கம்பி ஒன்று இருக்கிறது. நாம் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் அது ஒருசில டிகிரி முறுகும். எந்தப் பக்கம், எவ்வளவு முறுகியது என்பதை ஓர் உணரி மின்னழுத்தமாக மாற்றிக் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி வண்டியின் வேகத்தையும் பார்த்துக்கொண்டு மோட்டாருக்கு மின்சாரம் விடும். மோட்டார் தண்டைத் தள்ளிக் கொடுக்கும். இவ்வளவுதான். பெட்டி கைவிட்டாலும் தண்டுக்கும் சக்கரத்துக்கும் உள்ள இரும்புத் தொடர்பு அறுபடுவதில்லை. அதனால்தான் அன்று நான் தோளைக் கொடுத்துத் திருப்ப முடிந்தது.

வண்டி நிற்கும்போது டயர் தரையைத் தேய்த்துக்கொண்டு திரும்ப வேண்டும். மோட்டாருக்கு அதுதான் உயிர்போகிற வேலை. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் அதற்குக் கிட்டத்தட்ட விடுமுறை. வீட்டில் ஒரு டன் ஏசி எடுக்கும் மின்சாரம் ஏறக்குறைய 5 ஆம்பியர். தேங்காய் அளவுள்ள இந்த மோட்டார், ஒடித்துத் திருப்பும் நேரத்தில் 40, 50 ஆம்பியர் கேட்கிறது. கிடைப்பது வெறும் 12 வோல்ட் என்பதால் ஆம்பியரை அள்ளிக் குடிக்கிறது.

முதலில் சர்வீஸ் சென்டருக்குத்தான் போனேன். வண்டியின் கோளாறைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினார்கள். கட்டுப்பாட்டுப் பெட்டியின் மின்னழுத்தம் சரியில்லை என்ற பொருளில் ஒரு பிழைக் குறியீடு வந்தது. அந்தத் தம்பி கைக்கணினியைத் திருப்பிக் காட்டி, பெட்டி போய்விட்டது, தனியாகக் கிடைக்காது, ஸ்டீயரிங் தண்டு, மோட்டார் எல்லாம் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், கூலியோடு 54,000 ரூபாய் என்றார். வரி உள்ளடக்கம் என்று ஆறுதலும் சொன்னார்.

பெட்டி சொன்னது "எனக்கு மின்சாரம் ஒழுங்காக வரவில்லை" என்பதுதான் என்று பிறகு புரிந்தது. பசிக்கிறது என்று அழும் பிள்ளையைக் கொடுத்துவிட்டு வேறு பிள்ளை வாங்கிக்கொள்ளச் சொன்ன கணக்கு அது.

சம்பளத்தில் பாதிக்கு மேல் போகிற தொகை என்பதால் ரோஷம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பள்ளி ஆய்வகத்து மல்டிமீட்டரோடு (தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டுத்தான் எடுத்து வந்தேன்) வண்டியின் முன் உட்கார்ந்தேன். இரவெல்லாம் நின்றிருந்த பேட்டரி 12.5 வோல்ட், நல்லது. எஞ்சினைப் போட்டதும் 14.1, டைனமோவும் நல்லது. எஞ்சின் அறையில் இருந்த 60 ஆம்பியர் ஃபியூஸின் இரண்டு காலிலும் அளந்தேன். இரண்டிலும் ஒரே அளவு. ஃபியூஸ் உயிரோடு இருக்கிறது.

அடுத்தது டாஷ்போர்டுக்கு அடியில். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிப் பத்து நிமிடம் காத்திருந்த பிறகுதான் கையை வைத்தேன். அந்த இடத்தில் மஞ்சள் உறை போட்டு ஓடும் ஒயர்கள் ஏர்பேக்குக்கு உரியவை. மீட்டரின் முனையை அங்கே கொண்டுபோகவே கூடாது. யாரும் விளையாட வேண்டாம். ஸ்டீயரிங் பெட்டிக்குப் போகும் பெரிய கப்ளரை, அதாவது ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் கூட்டை, கழற்றினேன். சுண்டு விரல் தடிமனுக்கு ஒரு சிவப்பு ஒயர், ஒரு கறுப்பு ஒயர். கறுப்புதான் எர்த்; மின்சாரம் வண்டியின் தகரம் வழியாகப் பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் வழி. அதன் முனைக்கும் பேட்டரியின் நெகட்டிவ் கம்பிக்கும் மீட்டரைப் பிடித்தேன். 'கீ' என்று கூவியது. தொடர்பு இருக்கிறது. நெகட்டிவைத் திரும்ப மாட்டிவிட்டு சிவப்பை அளந்தேன். 12.5 வோல்ட்.

ஒயரிங்கில் ஒன்றும் இல்லை, பெட்டிதான் போய்விட்டது என்று பதிவேட்டில் எழுதி அடிக்கோடும் இட்டேன். இருபத்தோரு வருடமாக ஓம் விதி நடத்துகிறவள் போட்ட அடிக்கோடு. அந்தப் பக்கத்தை இன்னும் கிழிக்காமல் வைத்திருக்கிறேன்.

பணத்துக்கு என்ன செய்வது என்று ஓய்வறையில் புலம்பியபோது, உடன் வேலை பார்க்கும் தமிழ் டீச்சர் திரேஸ்புரத்தில் ஓர் அண்ணாச்சியிடம் காட்டச் சொன்னார். அவர் கணவர் வீட்டாருக்குப் படகு உண்டு. படகு பேட்டரி, விளக்கு, ஒயரிங் எல்லாம் அந்த அண்ணாச்சிதான். காரும் பார்ப்பாராம்.

கடை என்றால் ஒரு தகரக் கொட்டகை. கருவாட்டு வாடைக்குள் பேட்டரி அமில வாடை. ஸ்கேனர் கிடையாது. அறுபதை நெருங்கும் மனிதர். நான் பதிவேட்டைப் பிரித்து பதினோரு தடவையையும் வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"டீச்சர், வெள்ளத்தில் வண்டி நின்றதா?"

நின்றது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்ததை இந்த ஊரில் யார் மறப்பார்கள். பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். பிரையண்ட் நகரில் எங்கள் தெருவில் கார் சீட்டின் அடிவரை தண்ணீர், இரண்டு நாள். பிறகு எண்ணெய் மாற்றி, சீட்டைக் கழற்றிக் காயவைத்து, ஆயிரம் செலவு செய்து வண்டியை ஓட்டத் தொடங்கி எட்டு மாதம் ஆகிவிட்டிருந்தது. வெள்ளத்தை நான் முடிந்த கணக்கில் எழுதிவிட்டிருந்தேன்.

என் மீட்டர் கூவிய கதையையும் சொன்னேன். அண்ணாச்சி சிரித்தார். "பாரம் ஏற்றாதவரை எல்லாக் கயிறும் நல்ல கயிறுதான் டீச்சர்."

அவரிடம் ஒரு பழைய ஹெட்லைட் பல்பு இருந்தது; 55 வாட்; இரண்டு ஒயர் பற்றவைத்து முனையில் கிளிப் மாட்டியது. அதுதான் அவருடைய சோதனைக் கருவி. என்னைப் போலவே கப்ளரைக் கழற்றி சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே பல்பை மாட்டினார். பளிச்சென்று எரிந்தது. எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட வந்தது, என் முடிவு சரிதான் என்று. அவர் தலையை ஆட்டினார். பல்பு இழுப்பது நாலரை ஆம்பியர். இந்த மோட்டார் இழுப்பது அதில் பத்து மடங்கு. ஒயர் இழையெல்லாம் அறுந்து ஒன்றிரண்டு மிச்சமிருந்தால் பல்பு மங்கிக் காட்டிக்கொடுக்கும். இந்த நோய்க்கு அது போதாது, மோட்டாரையே பாரமாக வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

கப்ளரை மறுபடி மாட்டினார். கறுப்பு ஒயர் நுழையும் பின்பக்கத்து ரப்பர் ஓரமாக ஒரு தையல் ஊசியை மெல்லச் செருகி உள்ளே இருக்கும் பின்னைத் தொட்டார். மீட்டரை வோல்ட்டில் வைத்தார். ஒரு முனை ஊசியில். இன்னொரு முனை நீளமான ஒயர் வழியாகப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்தில். இரண்டு முனையும் நெகட்டிவ். நடுவே இருப்பது தகரமும் செம்பும்தான். காட்ட வேண்டியது பூஜ்யம்.

எஞ்சினைப் போடச் சொன்னார். 0.02. ஸ்டீயரிங்கை மெதுவாகத் திருப்பச் சொன்னார். 0.4. இன்னும். 0.9. தரையில் டயர் நெருநெருவென்று தேய்கிற சத்தம். 1.6. முழுதாக ஒடித்துப் பிடித்தேன். 2.1, 2.2, 2.3. மஞ்சள் விளக்கு வந்தது. கையில் ஸ்டீயரிங் கனத்தது. அந்த நொடியே மீட்டர் 0.02க்கு விழுந்தது, மோட்டாரைப் பெட்டி நிறுத்திவிட்டதல்லவா, பாரம் இல்லை, கயிறு மறுபடி நல்ல கயிறாகிவிட்டது.

ஒயரைக் கவ்வி ஆம்பியரை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டி இன்னொரு தடவை ஒடித்ததில் 45 ஆம்பியர் காட்டியது. சிவப்புப் பக்கத்தையும் இதே மாதிரி, பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து கப்ளர் வரை பார்த்தார். 0.2 வோல்ட். அதில் குறை இல்லை.

கடை பில் புத்தகத்தின் பின்னட்டையில் கணக்குப் போட்டேன். 2.3ஐ 45ஆல் வகுத்தால் 0.051 ஓம். என் பள்ளி மீட்டர் 30 ஓமுக்குக் கீழே எது இருந்தாலும் கூவும். தாலிப்பொட்டை லாரி எடைமேடையில் வைத்து எடை சரி என்று சொன்னவள் நான். ஓம் எண்ணைப் பார்த்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. மீட்டரின் இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று தொட்டாலே அது 0.2 ஓம் காட்டும். ஒளிந்திருந்த குறை அதில் நாலில் ஒரு பங்கு.

அந்தக் குறையால் பெட்டிக்கு என்ன ஆகும்? எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோவால் இத்தனை ஆம்பியரைத் தனியாகத் தர முடியாது. பேட்டரியும் தோள் கொடுக்க வேண்டும். ஒடித்த நேரத்தில் பேட்டரிக் கம்பங்களிலேயே 12.4தான் இருந்தது. அதில் எர்த் வழியில் 2.3 போய்விட்டது, சிவப்பில் 0.2. பெட்டிக்கு மிஞ்சியது 9.9 வோல்ட். பத்துக்குக் கீழே வந்ததும் என் வண்டியின் பெட்டி கையைக் கழுவிவிடுகிறது. இரவில் ஹெட்லைட்டும் ஏசியும் சேர்ந்துகொண்டால் பேட்டரி இன்னும் கொஞ்சம் இறங்கும். அதனால்தான் இரவில் அதிகம். நான்குவழிச் சாலையில் மோட்டாருக்கு வேலையே இல்லை. அதனால் அங்கே நோயும் இல்லை. பதினோரு வரிகளும் ஒரே கணக்கில் அடங்கிவிட்டன. கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை எனக்கு.

"2.3ஐயும் 45ஐயும் பெருக்கிப் பாருங்கள்" என்றார் அண்ணாச்சி. நூற்று மூன்று வாட். பழைய நூறு வாட் குண்டு பல்பு ஒன்று வண்டிக்குள் எங்கேயோ வெளிச்சமில்லாமல் எரிந்துகொண்டிருக்கிறது. சுடுகிற இடத்தைத் தேடினால் போதும்.

கறுப்பு ஒயர், ஓட்டுநரின் வலது காலுக்குப் பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் பலகைக்குப் பின்னால் இறங்கியது. பலகையைக் கழற்றி கார்ப்பெட்டைத் தூக்கியதும் குளத்து வாடை அடித்தது. அதற்கடியில் இருந்த பஞ்சு மெத்தை எட்டு மாதம் கழித்தும் ஈரமாக இருந்தது; பிழிந்தால் சொட்டவில்லை, கையில் பிசுபிசுத்தது. ஓரங்களில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. அதன் நடுவில், வண்டியின் தகரத்தில் முறுக்கிய போல்ட்டில், எர்த் லக், அதாவது கறுப்பு ஒயரின் முனையில் இருக்கும் உலோக வளையம். ஈயம் பூசிய வட்டமாக இருந்திருக்க வேண்டியது, கோயில் குத்துவிளக்கின் அடிப்பாகம் போலப் பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்தது. ஒயரின் உறை இரண்டு விரல்கடை நீளத்துக்குப் பழுப்பேறிச் சுருங்கியிருந்தது. அப்போதுதான் திருப்பிப் பார்த்ததால் போல்ட் தலை கையைச் சுட்டது. சுட்ட விரலை நான் உதறியதைப் பார்த்து அவருக்கு ஏக திருப்தி.

கழற்றி வெட்டினார். உள்ளே செம்பு கறுத்திருந்தது. ஓர் அங்குலம் தள்ளி வெட்டினார், அங்கேயும் கறுப்பு. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல உப்புத் தண்ணீர் இழைகளுக்குள் ஏறியிருக்கிறது. நான்காவது அங்குலத்தில்தான் செம்பு சிவப்பாகத் தெரிந்தது. அங்கிருந்து புது ஒயர் இணைத்து, புது லக் வைத்து அழுத்தினார். தகரத்தில் பெயின்டையும் துருவையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முகம் தெரிகிற மாதிரி ஆக்கினார். பல் வைத்த வாஷரைப் போட்டு முறுக்கி, முறுக்கிய பிறகு மேலே கிரீஸ் அப்பினார். முதலிலேயே அப்பிவிட்டு முறுக்குகிறவர்களைப் பற்றி அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

மறுபடி ஊசி, மறுபடி ஒடிப்பு. 0.07 வோல்ட். மூன்று தடவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினேன். விளக்கு வரவில்லை. மொத்தம் 650 ரூபாய், டீ உட்பட.

டீ குடிக்கும்போது மற்ற வண்டிகளின் கதையைச் சொன்னார். சாவி போட்டதிலிருந்தே விளக்கு எரிந்து, எப்போதும் கனமாக இருந்தால் அவர் முதலில் பார்ப்பது பெரிய ஃபியூஸையும் கப்ளரையும். கையை எடுத்தால் ஸ்டீயரிங் தானாக ஒரு பக்கம் இழுக்கிறது, அல்லது ஒரு பக்கம் லேசாகவும் மறுபக்கம் கனமாகவும் இருக்கிறது என்றால் முறுக்கை அளக்கும் உணரி மேல் சந்தேகம். பல வண்டிகளில் அதிலிருந்து இரண்டு ஒயர் வரும். நடுநிலையில் இரண்டும் 2.5 வோல்ட். திருப்பினால் ஒன்று ஏற மற்றது அதே அளவு இறங்க வேண்டும், கூட்டினால் எப்போதும் 5. கூட்டல் தப்பினால் உணரியோ அதன் கப்ளரோ. எனக்கு இது ரொம்பப் பிடித்திருந்தது. தன் விடையைத் தானே சரிபார்க்கும் மாணவன் மாதிரி.

ஸ்டீயரிங் விளக்கோடு பிரேக் விளக்கும் சேர்ந்து வந்து, வேகமானி முள்ளும் விழுந்தால் அது தகவல் ஒயரின் வேலை. பெட்டிகள் ஒன்றோடொன்று பேச இரண்டு ஒயர்கள் பின்னிக்கொண்டு ஓடுகின்றன. இரு கோடியிலும் 120 ஓம் தடை ஒவ்வொன்று. ஸ்கேனர் செருகும் பதினாறு கால் கப்ளரில் 6ஆம் காலுக்கும் 14ஆம் காலுக்கும் நடுவே, பேட்டரியைக் கழற்றிவிட்டு அளந்தால் 60 வர வேண்டும். 120 வந்தால் ஒரு கோடி அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்தால் இரண்டும் உரசிக்கொண்டிருக்கின்றன. வீட்டுக்கு வந்து என் வண்டியில் அளந்தேன். 60.4. என் மீட்டரும் ஓர் இடத்தில் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டது. பேட்டரியைத் திரும்ப மாட்டியதும் விளக்கு மறுபடி எரிந்து நெஞ்சு நின்றுவிட்டது. ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை திருப்பிவிட்டதும் அணைந்தது. நடுநிலை எது என்பதைச் சில வண்டிகள் இப்படி மறந்து மறுபடி கற்றுக்கொள்ளுமாம்.

ஈரப் பஞ்சை மொத்தமாக வெட்டி எடுத்து மொட்டைமாடியில் போட்டேன். வெயிலில் காய்ந்ததும் கருவாட்டை உதறியது போல உப்பு உதிர்ந்தது. சர்வீஸ் சென்டரிலிருந்து இரண்டு தடவை தொலைபேசி வந்தது, பொருளுக்கு ஆர்டர் போடட்டுமா என்று. வேண்டாம் என்றேன். வண்டி ஓடுகிறதா மேடம் என்று கேட்டார் அந்தத் தம்பி. ஓடுகிறது என்றேன். எப்படி என்று அவர் கேட்கவில்லை; கேட்டிருந்தால் அரைமணி நேரம் சொல்லியிருப்பேன்.

இது நடந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. போன மாதம் ஊசியைச் செருகிப் பார்த்ததில் 0.08. இப்போது இடது பின் கதவின் கண்ணாடி பாதி ஏறியதும் மூச்சு வாங்கி நிற்கிறது. அதன் எர்த் எங்கே இறங்குகிறது என்று இன்னும் தேடவில்லை. தேர்வுத்தாள் கட்டு ஒன்று திருத்தப்படாமல் கிடக்கிறது, அது முடியட்டும்.